கேம்பர் வேனைத் தாழ்த்துதலும் சக்கர அளவும்

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு முதலிய வசதிகளுடன், பயணத்தில் தங்குவதற்கேற்ப மாற்றப்பட்ட வேன் ஆகும். ஐரோப்பாவில் இவ்வாறு மாற்றப்படும் வண்டிகளுள் ஒன்று, 2003இல் அறிமுகமான ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5. தோற்றத்துக்காகவும், வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கவும் பலர் இதன் சஸ்பென்ஷனைத் தாழ்த்துகின்றனர்.

இதற்கு இரு முறைகள் உள்ளன. குட்டையான சுருள்வில்களைப் பொருத்துவது செலவு குறைந்தது. ஆனால் பின்னர் உயரத்தை மாற்ற இயலாது. காயிலோவர் வகையில் உயரத்தைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ முடியும். படுக்கை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் எடையாலேயே வண்டி சற்று இறங்கிவிடும். ஆகவே, உட்புற வேலை முடிந்த பிறகே உயரத்தை முடிவு செய்வது நல்லது. தாழ்த்தியபின் வீல் அலைன்மென்ட் சரிபார்க்கப்பட வேண்டும். இல்லையெனில் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும்.

ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறுக வேண்டும். 215/65 ஆர்16, 235/55 ஆர்17, 255/45 ஆர்18 ஆகிய மூன்று டயர்களின் விட்டமும் ஏறத்தாழ 69 செ.மீ. என்பதால், வேகமானியின் அளவீடு பெரிதாக மாறாது.

அளவைவிட முக்கியமானது டயரின் சுமைக் குறியீடு. குறியீடு 103 உள்ள டயர் 875 கிலோ தாங்கும். 97 எனில் 730 கிலோ மட்டுமே. அச்சு ஒன்றில் 1,600 கிலோ இறங்கும் வேனுக்கு, 97 குறியீடுள்ள இரு டயர்கள் போதாது. அவை சூடேறி வெடிக்கக்கூடும்.