கண்ணாடியில் இருவர்: லிபென்ஸ்கி – பிறிக்தோவா கலைக்கூட்டும் அதன் சமூகப் பின்புலமும்

கலைப்படைப்பொன்றைத் தனியொருவரின் உள்ளத்து வெளிப்பாடாகக் கொள்வதே நவீன காலத் திறனாய்வின் பொதுவழக்காகும். சிந்தித்தவர் கலைஞர், செய்தவர் கைவினைஞர் என்னும் பாகுபாடும் இவ்வழக்கினைச் சார்ந்ததே. மூளை உழைப்பினையும் உடலுழைப்பினையும் வேறாக்கி முன்னதனை உயர்த்திய சமூக அமைப்பொன்றின் பிரதிபலிப்பாகவே இதனை நாம் கொள்ளல் வேண்டும். ஓவியத்தையும் சிற்பத்தையும் நுண்கலைகளெனப் போற்றி, மட்பாண்டத்தையும் கண்ணாடியையும் பயன்கலைகளென ஒதுக்கும் மரபும் இதன்வழி வந்ததாகும். இப்பாகுபாடுகள் எந்த அளவிற்குப் பொருந்துவன என்பதனை ஆராய்வதற்கு, செக்கோசிலோவாக்கியக் கலைஞர் தம்பதியரான ஸ்ரானிஸ்லாவ் லிபென்ஸ்கி (1921–2002), யரோஸ்லாவா பிறிக்தோவா (1924–2020) ஆகியோரின் ஆக்கங்கள் தக்க சான்றாக அமைகின்றன.

வட பொகீமியப் பிரதேசம் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஷெலெஸ்னி புறொட் என்னும் சிறுநகரில் 1920இல் கண்ணாடிக் கலைப் பாடசாலை நிறுவப்பட்டது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவர் பிறிக்தோவாவின் தந்தையாரான யரோஸ்லாவ் பிறிக்தா. சிற்பப் பயிற்சி பெற்ற பிறிக்தோவா, கண்ணாடியை அச்சில் உருக்கி வார்க்கும் முறையினைத் தந்தையாருடன் இணைந்து பரிசோதித்தார். 1950இல் அந்நகரின் கண்ணாடி நிறுவனத்திலே கட்டடக்கலைக்குரிய கண்ணாடிப் பிரிவொன்றினையும் தொடக்கினார். ஓவியரான லிபென்ஸ்கி 1954இல் அப்பாடசாலையின் தலைமையை ஏற்று அங்கு வந்தார். அக்காலந்தொட்டு இருவரும் கூடிப் பணியாற்றலாயினர். 1963இல் அவர்கள் மணம்புரிந்துகொண்டனர். கலையுறவு மணவுறவுக்கு முந்தியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவர்தம் செய்முறை உற்றுநோக்கற்பாலது. லிபென்ஸ்கி கரியாலோ வண்ணத்தாலோ தாளில் வரைவார். பிறிக்தோவா அதனைக் களிமண்ணிலே முப்பரிமாண உருவாக வனைவார். அவ்வுருவிலிருந்து அச்சு எடுக்கப்படும். அச்சினுள் இடப்பட்ட கண்ணாடி சூளையிலே உருகி அதனை நிரப்பும். பின்னர் சூளையின் வெப்பம் மிக மெதுவாகத் தணிக்கப்படல் வேண்டும். பெரிய ஆக்கங்களுக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும். வெளிப்புறம் விரைந்து குளிர்ந்து உட்புறம் வெப்பத்துடன் இருப்பின், உள்ளே தோன்றும் இழுவிசையினால் கண்ணாடி வெடித்துவிடும். குளிர்ந்தபின் தீட்டலும் மெருகிடலும் தொடரும்.

இம்முறையினால் விளைந்த அழகியற் பேறு யாது? ஒரே நிறக் கண்ணாடி, மெல்லிதாயுள்ள இடத்தில் ஒளியைப் பெரிதும் புகவிட்டு வெளிறித் தோன்றும். தடித்த இடத்தில் ஒளியை உட்கொண்டு இருண்டு தோன்றும். எனவே கனத்தின் ஏற்றத்தாழ்வே இங்கு வண்ணந்தீட்டும் தூரிகையின் பணியைச் செய்கின்றது. அவர்தம் முதற் கூட்டாக்கமெனக் கருதப்படும் தலைக் கிண்ணத்தில் (1955–56) முகவடிவம் கண்ணாடியினுள் குழிவாகவே அமைந்துள்ளது. எனினும் ஒளி ஊடுருவும்போது அது புடைப்புருவாகத் தோற்றமளிக்கின்றது. கல்லும் வெண்கலமும் மேற்பரப்பினை மட்டுமே காட்டுவன. இவர்களோ சிற்பத்தின் உள்வெளியினையும் காட்சிக்குரியதாக்கினர்.

இதற்கு அரசியற் பரிமாணமும் உண்டு. ஐம்பதுகளிலே சோசலிச யதார்த்தவாதமே செக்கோசிலோவாக்கியாவில் அரசின் கலைக்கொள்கையாயிருந்தது. அரூப ஓவியமும் சிற்பமும் ஐயத்துடன் நோக்கப்பட்டன. கண்ணாடியோ பயன்கலையெனக் கருதப்பட்டமையால் அத்துணைக் கண்காணிப்புக்கு உட்படவில்லை. ஏற்றுமதிக்கும் உலகக் கண்காட்சிகளுக்கும் அது வேண்டப்பட்டது. தாழ்ந்த கலையென்னும் முத்திரையே ஈண்டு கலைஞருக்குக் காப்பாயிற்று. 1958இல் பிறசெல்ஸ் கண்காட்சியில், விலங்குருவங்கொண்ட கண்ணாடிக் கற்களைக் கொங்கிறீற்றுச் சுவரிற் பதித்து அமைத்த ஆக்கம் பெரும்பரிசினைப் பெற்றது. 1967இல் மொன்றியல் கண்காட்சியில் அவர்தம் பெருஞ்சிற்பங்கள் இடம்பெற்றன.

ஆயின் அக்காப்பும் எல்லைக்குட்பட்டதே. 1968 ஆகஸ்டில் வார்சோ உடன்படிக்கைப் படைகள் செக்கோசிலோவாக்கியாவினுள் நுழைந்தன. 1970இல் யப்பானின் ஒசாகா கண்காட்சிக்கென இத்தம்பதியர் ‘வாழ்வின் ஆறு’ என்னும் மாபெருங் கண்ணாடிச் சிற்பத்தை அமைத்தனர். உறைந்த ஆற்றின் மீது படைவீரரின் சப்பாத்துத் தடங்கள் அதிலே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின் பொருளை அதிகாரிகள் அறிந்தனர். அவர்தம் பணிப்பின்படி தடங்கள் அகற்றப்பட்டன. கண்ணாடி பேசத் தலைப்பட்டதும் அது பயன்கலையென்று எவரும் வாளாவிருக்கவில்லை. சமவுடைமையில் நம்பிக்கையுடையோர் இந்நிகழ்ச்சியைக் கடந்துசெல்லலாகாது. உழைக்கும் மக்களின் பெயரால் ஆளும் அரசொன்று, தன் மக்களின் அநுபவத்தைக் கலையில் காண அஞ்சியது ஏன் என்னும் வினா நம்முன் நிற்கின்றது.

இவர்தம் செல்வாக்கு நாட்டெல்லை கடந்தது. லிபென்ஸ்கி 1963 முதல் 1987 வரை பிராக் நகரப் பயன்கலைக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தார். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞரான டேல் சிகூலி 1969இல் ஷெலெஸ்னி புறொட் சென்று இருவரையும் சந்தித்தார்.

இறுதியாக, படைப்புரிமை பற்றிய வினாவுக்கு வருவோம். வரைந்தவர் ஆண், வனைந்தவர் பெண் என்றவுடன் முன்னவரைப் படைப்பாளராகவும் பின்னவரைத் துணைவராகவும் கொள்ளும் மனப்பாங்கு எளிதில் எழும். அது தவறானது. தாளிலுள்ள கோட்டிற்குக் கனமில்லை. கண்ணாடியின் கனத்தைத் தீர்மானிப்பதே அதன் நிறத்தையும் ஒளியையும் தீர்மானிப்பதாகும். அத்தீர்மானம் களிமண்ணிலே கைகளால் நிகழ்ந்தது. இருவர் பெயரும் ஆக்கங்களில் ஒருங்கே இடம்பெறுவது ஆதலின் நியாயமானதே. ஆயினும் சூளையைக் காத்தும் கண்ணாடியைத் தீட்டியும் உழைத்த தொழிலாளரின் பெயர்கள் காட்சிக்கூடப் பலகைகளில் இடம்பெறுவதில்லை. கூட்டுப்படைப்பு என்னும் கருத்தினை இருவருடன் நிறுத்திவிடாது அவர்கள்வரை விரித்து நோக்குவது கலை வரலாற்றாசிரியர் முன்னுள்ள பணியாகும்.