‘செல்ஃப்’ எடுக்கலையா?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தி பூங்காவுக்குக் காரில் போகிறீர்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அப்பா சாவியைத் திருகினால், ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! “செல்ஃப் எடுக்கலை, எல்லாரும் இறங்கித் தள்ளுங்க” என்பார்.

அது என்ன செல்ஃப்? ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நம் ஊர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் அது. ‘தானாகவே’ கிளப்புவதால் செல்ஃப்!

அந்தக் காலக் கார்கள் தானாகக் கிளம்பாது. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சு வாங்கச் சுற்ற வேண்டும். சில நேரம் இன்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிடும். எத்தனை டிரைவர்களுக்கு இப்படி ஆனதோ, அந்த வகை முறிவுக்கு ‘ஷோஃபர் முறிவு’ என்றே டாக்டர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஷோஃபர் என்றால் கார் ஓட்டுநர்.

இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். கடைகளில் காசு போடும் பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர் அவர். பெட்டியைத் திறக்க ஒரு நொடி வேகம் போதும். நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. கார் இன்ஜினைக் கிளப்பவும் அதே போதுமே என்று யோசித்தார். 1912-ல் காடிலாக் கார்களில் அவருடைய ஸ்டார்ட்டர் வந்தது. நம் சென்னை பாடியிலும் லூகாஸ் டிவிஎஸ் ஆலை 1960-களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது.

சில நொடி வேலைதான்; ஆனால் முரட்டு வேலை. வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர் மின்சாரம்கூட எடுக்காது. செல்ஃப் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும்! அதனால்தான் சாவியைத் திருகியபடியே பிடித்துக்கொண்டிருந்தால் மோட்டார் சூடாகிக் கருகும். பத்து நொடிக்குள் விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்துத் திருகவேண்டும்.

சரி, ‘டிக்’ என்றால் என்ன கோளாறு? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். வெளிச்சம் மங்கினால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். அல்லது அதன் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். வெளிச்சம் மங்காமல், ‘டிக்’ மட்டும் கேட்டால் சந்தேகம் செல்ஃப் மீது.

மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட வேண்டும். ஸ்பேனர் தவறிப் பட்டால் தீப்பொறி பறக்கும். இது பெரியவர்கள் வேலை. வெறும் ஜாக்கியை நம்பி யாருமே காருக்கு அடியில் போகக் கூடாது. நீங்கள் தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள்.

மோட்டாரைப் பிரித்தால் உள்ளே ‘கார்பன்’ என்னும் சின்னக் கட்டிகள் இருக்கும். உங்கள் பென்சில் முனையில் உள்ள அதே கிராஃபைட், செம்புத்தூளோடு சேர்ந்தது. சுழலும் செம்பு வளையத்தில் உரசி மின்சாரம் தருவது இதுதான். உரசி உரசிப் பென்சில் போலவே தேய்ந்துவிடும். வளையத்தைத் தொடாவிட்டால் மோட்டார் சுற்றாது. பழைய கார்பனை எடுத்துப் புதிதைப் பொருத்தி, கறுத்த வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால், பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். உள்கம்பிச்சுருள் கருகியிருந்தால் மட்டும் செலவு அதிகம்.

தள்ளினால் கார் ஏன் கிளம்புகிறது? சக்கரம் சுழன்று, கியர் வழியாக இன்ஜினைச் சுற்றுகிறது. அதாவது அப்போது செல்ஃப் மோட்டார் நீங்கள்தான்! ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால், எவ்வளவு தள்ளினாலும் நடக்காது.