கோவையிலிருந்து போடும் பேட்டன்ட், டிரேட்மார்க் விண்ணப்பம் யார் டேபிளுக்குப் போகிறது?

பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனி புது மாடல் பம்ப் தயாரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் செலவைக் குறைக்கும் உள்ளமைப்பு, பார்த்ததும் தனியாகத் தெரியும் வெளித்தோற்றம், மேலே ஒரு பிராண்ட் பெயர். ‘மூணையும் ரெஜிஸ்டர் பண்ணிடலாங்க’ என்று யாராவது ஈஸியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மூன்றுக்கும் சட்டம் வேறு, பார்க்கும் அதிகாரியும் வேறு.

உள்ளமைப்புக்கு பேட்டன்ட், அதாவது காப்புரிமை. தோற்றத்துக்கு டிசைன் பதிவு. பெயருக்கு டிரேட்மார்க். ஆன்லைனில் சப்மிட் அழுத்திய பிறகு இவை எங்கே போகின்றன, முடிவெடுப்பது யார், ஏன் வருஷக்கணக்கில் ஆகிறது? வாங்க பார்க்கலாம்.

தலைமை ஒருவர், ஊர்கள் பல

இவை எல்லாவற்றுக்கும் தலைமை அதிகாரி ஒருவர்தான். பதவியின் பெயர் ‘கன்ட்ரோலர் ஜெனரல் ஆஃப் பேட்டன்ட்ஸ், டிசைன்ஸ் அண்ட் டிரேட்மார்க்ஸ்’. மத்திய வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிறார். அவருடைய அலுவலகம் மும்பையில் இருக்கிறது.

அதற்குக் கீழேதான் கொஞ்சம் குழப்பம். பேட்டன்ட் அலுவலகத்தின் தலைமையகம் கொல்கத்தா. கிளைகள் சென்னை, டெல்லி, மும்பை. டிரேட்மார்க் பதிவகத்தின் தலைமையகம் மும்பை. கிளைகள் சென்னை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத். டிசைன் பிரிவு கொல்கத்தாவில். புவிசார் குறியீட்டுப் பதிவகம் மட்டும் மொத்த நாட்டுக்கும் ஒன்றே ஒன்று. அது நம்ம சென்னை கிண்டியில் இருக்கிறது.

ஆக, அந்த பீளமேடு பம்புக்கு பேட்டன்ட்டும் டிரேட்மார்க்கும் சென்னைக் கிளையின் கணக்கில் வரும். டிசைனைப் பரிசீலிப்பது கொல்கத்தா. கோவையில் தனி அலுவலகம் கிடையாது.

முதலில் எக்ஸாமினர், பிறகு கன்ட்ரோலர்

பேட்டன்ட் விண்ணப்பத்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதலில் எக்ஸாமினர். பொறியியல் பட்டமோ, அறிவியலில் முதுநிலைப் பட்டமோ பெற்று, தேசிய அளவிலான தேர்வு மூலம் வந்தவர். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், வேதியியல், பயோடெக் என்று துறை வாரியாக விண்ணப்பங்கள் பிரித்துத் தரப்படும். இது உண்மையிலேயே புதுசா, உலகத்தில் வேறு எங்காவது ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடி அறிக்கை தருவது இவர் வேலை.

முடிவெடுப்பவர் அவருக்கு மேலே இருக்கும் கன்ட்ரோலர். உதவி, துணை, இணை கன்ட்ரோலர் என்று படிநிலைகள் உண்டு. உங்கள் தரப்பை நேரில் சொல்லும் ஹியரிங்கையும் இவரே நடத்துவார். இப்போது அது பெரும்பாலும் வீடியோ கான்ஃபரன்ஸில் நடப்பதால் சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

இன்னொரு விஷயம்: சென்னைக் கணக்கில் வரும் விண்ணப்பத்தை டெல்லியிலோ கொல்கத்தாவிலோ இருக்கும் எக்ஸாமினரும் பரிசீலிக்கலாம். ஆனாலும் உங்களுக்குரிய அலுவலகம் சென்னைதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அப்பீல் செய்ய வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்தில். முன்பு இதற்கென்று இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது.

டிரேட்மார்க் பக்கம் எக்ஸாமினர்கள் சட்டம் படித்தவர்கள். அதே பெயரிலோ, கேட்டால் குழப்பம் தரும் பெயரிலோ ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். தடையில்லை என்றால் பெயர் ஜர்னலில் வெளியாகும். அன்றிலிருந்து 4 மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம்.

ஏன் இவ்வளவு லேட்?

பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் இந்திய பேட்டன்ட் அலுவலகத்தில் எக்ஸாமினர்கள், கன்ட்ரோலர்கள் எல்லாரையும் சேர்த்தே 860 பேர்தான் இருந்தார்கள். அமெரிக்காவில் 8,132 பேர். சீனாவில் 13,704 பேர். ஒரு விண்ணப்பம் முடிவுக்கு வர இந்தியாவில் சராசரியாக 58 மாதம் ஆவதாகவும், சீனாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடுவதாகவும் அந்த அறிக்கை கணக்குக் காட்டியது.

பேட்டன்ட்டின் ஆயுள் 20 வருஷம். அது விண்ணப்பித்த தேதியிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். அலுவலகத்தில் ஃபைல் காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் உங்கள் 20இல் இருந்துதான் கழிகிறது.

2023இல் 553 எக்ஸாமினர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 2023-24 நிதியாண்டில் 1 லட்சத்துக்கும் மேல் பேட்டன்ட்கள் வழங்கப்பட்டன. முந்தைய ஆண்டில் இது சுமார் 34,000தான். வேகம் கூடியது நல்ல செய்தி. ஆனால் ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு என்றால், ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழமாகப் பரிசீலிக்கப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வரும். மேலோட்டமாகப் பார்த்துக் கொடுத்த பேட்டன்ட், போட்டிக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் நிற்காமல் போகலாம்.

கையெழுத்து போட்டது யார்?

ஆள் பற்றாக்குறை இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. டிரேட்மார்க் பக்கம் தேங்கிய வேலையை முடிக்க ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். அப்படி ஒருவர் பிறப்பித்த உத்தரவு ஒரு தகராறில் கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி போல இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் அதிகாரம் ஒப்பந்த ஊழியருக்கு இல்லை என்று 2024இல் நீதிமன்றம் சொன்னது. அதே மாதிரி ஒப்பந்த ஊழியர்கள் முடித்துவைத்த மற்ற வழக்குகள் செல்லுமா என்ற கேள்வியும் அதோடு எழுந்தது.

உங்களுக்கு ஒரு உத்தரவு வந்தால் முடிவை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீங்க. கீழே கையெழுத்து போட்டவரின் பதவியையும் பாருங்க. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்க.

வெட் கிரைண்டர், மஞ்சள், ஜமக்காளம்

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், கோவை கோரா காட்டன், ஈரோடு மஞ்சள், பவானி ஜமக்காளம் எல்லாம் கிண்டியில் பதிவான புவிசார் குறியீடுகள். இது தனி ஒருவருக்குச் சொந்தமானது அல்ல. விண்ணப்பிப்பது உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகள்தான். அந்தப் பெயரைச் சட்டப் பாதுகாப்போடு பயன்படுத்த, ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ ஆகத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்கம் வாங்கிவிட்டது, நமக்கும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

நீங்க கவனிக்க வேண்டியவை

* கொடிசியா கண்காட்சியில் ஸ்டால் போடும் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்க. வெளியே காட்டிவிட்டால் ‘புதுசு’ என்ற தகுதியே போய்விடலாம். முழு விவரம் ரெடியாகவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் டைம் கிடைக்கும்.

* பேட்டன்ட் விண்ணப்பம் போட்டாலே பரிசீலனை தொடங்காது. அதற்குத் தனியாகக் கோரிக்கை தர வேண்டும். 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு கெடு 31 மாதம்.

* ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்கள், பெண் விண்ணப்பதாரர்கள் விரைவுப் பரிசீலனை கேட்கலாம்.

* பரிசீலனை அறிக்கைக்குப் பதில் தர பேட்டன்ட்டில் 6 மாதம். டிரேட்மார்க்கில் ஒரே ஒரு மாதம். மெயிலைப் பார்க்காமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம்.

* ஆன்லைனில் டிரேட்மார்க் கட்டணம் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் 4,500 ரூபாய். மொத்தம் 45 வகுப்புகள். பம்ப்பும் வெட் கிரைண்டரும் 7ஆம் வகுப்பு, ரெடிமேட் துணி 25ஆம் வகுப்பு.

அலுவலகம் முடிவு சொல்ல எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டாலும் விண்ணப்பதாரருக்குக் கெடு கெடுதான். அதனால் விண்ணப்பம் போட்ட அன்றைக்கே இந்தத் தேதிகளை போன் காலண்டரில் போட்டு வையுங்க.