முட்டி போட்டும் ஜெயிக்கலாம்! - அலை மேல் ஒரு தனி ஆட்டம்

"முட்டி போடு!"

வீட்டுப்பாடம் எழுதாமல் பள்ளிக்குப் போன யாருக்கும் இந்த வார்த்தை மறக்காது. வகுப்பறை வாசலில், மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, கையைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்த அனுபவம் பலருக்கும் உண்டு. பேச்சு வழக்கிலும் அப்படித்தான். 'மண்டியிட்டான்' என்றால் தோற்றுப்போனான் என்று அர்த்தம்.

ஆனால், முட்டி போடுபவரே ராஜாவாக இருக்கும் ஒரு விளையாட்டும் உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் நீபோர்டிங். அலைச்சறுக்கு என்றதும் பலகை மேல் நின்றபடி கைகளை விரித்துக்கொண்டு பாயும் இளைஞர்தான் எல்லோர் மனதிலும் வருவார். நீபோர்டிங்கில் நிற்கவே வேண்டாம். சிறிய பலகை மேல் மண்டியிட்டு அமர்ந்தபடியே அலையில் பாய வேண்டும். இதற்கும் நம் சென்னைக் கரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது.

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் காலை தரிசனத்தை முடித்துவிட்டு, மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாக வண்டியை விட்டால் கோவளம் வந்துவிடும். தாம்பரம் பக்கத்து மக்களுக்கு அது மீன் வறுவலுக்கும் மாலைக் காற்றுக்குமான இடம். அலைச்சறுக்கு ஆட்கள் அதே ஊரை 'கோவ்லாங் பாயின்ட்' என்று வேறு விதமாகக் கொண்டாடுகிறார்கள்.

அன்றே மண்டியிட்டவர்கள்

சென்னைக்குத் துறைமுகம் வந்தது 1881-ல்தான். அதற்கு முன் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, வரிசை வரிசையாக உடைந்து விழும் அலைகள். வெள்ளைக்காரர்களின் கப்பல் படகுகள் அந்த அலையில் மாட்டினால் கவிழ்ந்துவிடும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அலை முரட்டுத்தனமாக இருந்து மசூலாவும் தயங்கும் நாட்களில் கடிதம் கொண்டுபோகக் கிளம்பியது கட்டுமரம்.

பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. சில மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அதற்குள் தண்ணீர் புகுந்து மூழ்கும் பேச்சே இல்லை. அலை மேலே ஏறி அடித்தாலும் கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். 1697-ல் வெளிவந்த பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி இதை எழுதி வைத்தார். 'கேட்டமரான்' என்ற சொல்லும் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது.

19-ம் நூற்றாண்டில் வரையப்பட்ட மெட்ராஸ் கடற்கரைப் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கட்டுமரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மண்டியிட்டுக் குதிகால் மேல் அமர்ந்துதான் துடுப்பு போடுகிறார்கள். காரணம் எளிது. நின்றால் அலை தள்ளிவிடும். மண்டியிட்டால் உடம்பின் பாரம் கீழே இறங்கிவிடும். மரமும் மனிதனும் ஒன்றாக அசைவார்கள். கரை திரும்பும்போது பின்னால் வரும் அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மணலில் வந்து இறங்குவார்கள். அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை. அது அவர்களின் அன்றாடப் பிழைப்பு.

கலிஃபோர்னியாவின் மீன் பைத்தியம்

இதே மண்டியிடும் வித்தையை 1960-களில் உலகத்துக்கு விளையாட்டாகக் காட்டியவர் ஜார்ஜ் கிரீனோ. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவைச் சேர்ந்தவர். எப்போதும் வெறுங்காலோடு அலைபவர், படகும் மீன்பிடியுமாகவே வாழ்ந்தவர்.

அப்போதைய அலைச்சறுக்குப் பலகைகள் 9, 10 அடி நீளம். தூக்கி நடப்பதே பெரும்பாடு. கிரீனோ செய்ததோ 5 அடிப் பலகை. அதன் பின்பகுதியைக் கரண்டி போலக் குழிவாக, வெறும் ஃபைபர் கிளாஸிலேயே செய்தார். அதனால் பெயரே 'ஸ்பூன்'. சும்மா நிறுத்தினால் பாதி மூழ்கிக் கிடக்கும். அலை பிடித்துவிட்டாலோ வில் போல வளைந்து, நிமிரும்போது ஆளை முன்னே தள்ளும்.

பலகையின் அடியில் இருக்கும் துடுப்பையும் அவர் விடவில்லை. சூரை மீன் எப்படி அவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார். அதன் வால் போலவே ஒல்லியாக, வளைந்து கொடுக்கும் துடுப்பைச் செய்தார். 1966-ல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் நாட் யங் ஜெயித்தபோது, அவருடைய பலகையின் அடியில் இருந்தது கிரீனோ பாணித் துடுப்பு. அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பலகைகள் 7 அடிக்கும் கீழே சுருங்கின. நின்று விளையாடும் நவீன அலைச்சறுக்குக்கு விதை போட்டவர், ஒரு முட்டி போட்ட மனிதர்!

இன்னொரு சாதனையும் அவருடையது. அலை சுருண்டு குகை போல மூடும்போது உள்ளே எப்படி இருக்கும்? 10 கிலோவுக்கும் மேல் எடையுள்ள கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து படம் பிடித்தார். மண்டியிட்டு இருந்ததால்தான் அது முடிந்தது. 1970-ல் வெளிவந்த அவருடைய படத்தில் அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நமக்கு இதில் ஓர் ஆச்சர்யம் இருக்கிறது. மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். விறைப்பான படகு கரையில் மோதினால் உடையும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். கிரீனோ கண்டுபிடித்த 'வளைந்து கொடு' என்ற சூத்திரம், சோழமண்டலக் கரையில் ஏற்கெனவே கயிற்றில் தைக்கப்பட்டிருந்தது.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய நீபோர்டு பெரும்பாலும் 5 முதல் 6.5 அடி நீளம். நின்று ஓட்டும் சிறிய பலகையைவிட அகலம் அதிகம், ஏனென்றால் இரண்டு முட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர வேண்டும். உள்ளே லேசான நுரைக்கட்டி, அதன் மேல் ஃபைபர் கிளாஸ் துணி, ரெசின் பூச்சு. முட்டி படும் இடத்தில் மெத்தை ஒட்டுவார்கள். சில பலகைகளில் லேசான குழியும் இருக்கும். பலகையையும் ஆளையும் இணைக்க ஒரு கயிறு. காலில் நீச்சல் வீரர்கள் போடும் ரப்பர் துடுப்பு. அலை வரும்போது காலை உதைத்து வேகம் எடுத்து, சட்டென்று முட்டியை மடக்கி ஏற வேண்டும்.

நீபோர்டுக்காகவே பிறந்து, நிற்பவர்களிடம் போய்ச் சேர்ந்த பலகையும் உண்டு. 1967-ல் சான் டியாகோவின் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர், மீன் வால் போலப் பின்னால் பிளந்த, இரட்டைத் துடுப்புள்ள குட்டையான பலகையைச் செய்தார். 'ஃபிஷ்' என்ற பெயரில் இன்று உலகம் முழுவதும் நின்றபடி ஓட்டுகிறார்கள். அது மண்டியிடச் செய்தது என்பது ஓட்டுபவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இவ்வளவு இருந்தும் நீபோர்டிங் ஏன் பெரிதாக வளரவில்லை? 1971-ல் டாம் மோரே ஹவாயில் ஒரு நுரைத் தகட்டைக் கத்தியால் வெட்டி, செய்தித்தாளை மேலே வைத்துச் சலவைப் பெட்டியால் தேய்த்து வடிவம் கொடுத்தார். படுத்தபடி போகும் அந்த 'பூகி போர்டு' மலிவு, மெத்தென்றும் இருந்தது. குழந்தைகள் அதன் பக்கம் ஓடினார்கள். நிற்பவர்களுக்குப் போட்டி, பரிசு, விளம்பரம் எல்லாம் வந்தன. நடுவில் மாட்டிய நீபோர்டு ஒரு சிறிய கூட்டத்தின் செல்லப்பிள்ளையாகவே தங்கிவிட்டது.

கோவளத்தின் கதை

கோவளத்துக் கதையும் ஒரு பலகைத் துண்டில்தான் ஆரம்பிக்கிறது. மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், சிறுவயதில் மரப்பலகையை வைத்துக்கொண்டே அலையில் சறுக்கிப் பழகியவர். கர்நாடகாவின் முல்கியில் 2004-ல் அலைச்சறுக்கு ஆசிரமம் அமைத்த அமெரிக்கர் ஜாக் ஹெப்னர் கோவளம் வந்தபோதுதான், நிஜமான சர்ஃப் போர்டை மூர்த்தி தொட்டுப் பார்த்தார். பிறகு, சென்னையில் ஒலிப்பொறியாளராக இருந்த இஸ்ரேல்காரர் யோதம் அகமின் நட்பும், தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவும் சேர, 2012-ல் கோவளத்தில் சர்ஃப் பள்ளி உருவானது.

ஊர்ப் பிள்ளைகளுக்கு மூர்த்தி வைத்த நிபந்தனை இதுதான்: குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, படிப்பை விடக் கூடாது. சரி என்றால் பலகை இலவசம். கடலோரக் கிராமங்களில் குடி எத்தனை வீடுகளைக் கவிழ்த்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த நிபந்தனையின் அருமை புரியும். 2013-ல் சர்ஃப் திருவிழா தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து அலையில் இறங்கினார். 2021-ல் கோவளம் கடற்கரைக்கு 'நீலக்கொடி' சான்றிதழ் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பக்கத்து மாமல்லபுரத்திலேயே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

இதற்குப் பின்னால் ஒரு கவலையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. என்ஜின் வந்தது, உழைப்பு குறைந்தது, நல்லதுதான். ஆனால் கட்டுமரம் ஒதுங்கிப்போனது. எந்த அலையை விட வேண்டும், எந்த அலையைப் பிடிக்க வேண்டும், கச்சான் காற்றில் கடல் எப்படி இருக்கும், வாடையில் எப்படி மாறும் என்பதையெல்லாம் தாத்தா கட்டுமரத்தில் முட்டி போட்டுக் கற்றார். பேரனுக்கு அதைக் கற்றுத்தர இன்று கட்டுமரம் இல்லை. பல வீடுகளில் அந்த இடத்தைத்தான் சர்ஃப் போர்டு பிடித்திருக்கிறது.

நிற்க முடியாதவர்களுக்கும் அலை உண்டு

மண்டியிடுவதற்கு இன்னொரு மரியாதையும் கிடைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உலக அலைச்சறுக்குப் போட்டி 2015-ல் சான் டியாகோவின் லா ஹோயாவில் முதன்முறையாக நடந்தது. இப்போது அதில் நிற்பவர்கள், உட்கார்பவர்கள், படுத்தபடி போகிறவர்கள், பார்வையற்றவர்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மண்டியிட்டு ஓட்டுபவர்களுக்கும் தனிப் பிரிவு, தனிப் பதக்கம். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் இதில் உலகச் சாம்பியன் ஆகலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டைச் சேர்க்கும் முயற்சி கைகூடவில்லை. கேட்பதை அவர்கள் நிறுத்தவும் இல்லை.

'நின்றால்தான் அலைச்சறுக்கு' என்று நினைத்திருந்தால் இவர்கள் எல்லோரும் கரையிலேயே இருந்திருப்பார்கள்.

முயற்சி செய்யும் முன்...

* நீச்சல் தெரியாமல் இறங்கவே கூடாது. தனியாகவும் இறங்கக் கூடாது. முதல் பாடம் பயிற்சியாளரோடுதான்.

* ஆரம்பத்தில் மெத்தென்ற, நீளமான பயிற்சிப் பலகையே போதும். அதிலேயே முதலில் படுத்து, பிறகு முட்டி போட்டுப் பழகலாம்.

* மே முதல் செப்டம்பர் வரை நல்ல அலைக் காலம். வடகிழக்குப் பருவமழையிலும் புயல் எச்சரிக்கை நாட்களிலும் கடல் பக்கம் போக வேண்டாம்.

* நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

* நீபோர்டிங்கில் முட்டி முழுதாக மடங்கும். மூட்டு வலி, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆசைப்பட வேண்டாம்.

அடுத்த ஞாயிறு கோவளம் போனால், மீன் வறுவலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதல்நாள் பயிற்சிக்கு வந்த யாராவது, எழுந்து நிற்கும் முயற்சியில் பலகை மேல் முட்டி போட்டபடியே கரைவரை வந்து இறங்குவார். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கலாம்.

வீட்டுப் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லலாம்: "அந்தக் காலத்துல இந்தக் கரைல எல்லாரும் அப்படித்தான் வந்து இறங்கினாங்க!"