ஓங்கி உதைத்தால் போதுமா?

பட்டனைத் தட்டி பைக்கைக் கிளப்பும் புண்ணியவான்களே, உங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது!

கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது அப்பாவின் 1984 மாடல் புல்லட். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. எட்டு மாதத் தூசி. ''ஸ்டார்ட் ஆகாத வண்டி எதுக்கு? வித்துடுடா!'' என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் பி.காம். ஆயிற்றே! தேய்மானக் கணக்குப் போட்டேன். மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஆனாலும், பாடியிலிருந்து ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்க்க வருவதாகச் சொன்னார்.

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, புது பெட்ரோல் ஊற்றி, ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். உதை... உதை... முப்பது உதை! முப்பத்தோராவதை வண்டி எனக்குத் திருப்பிக் கொடுத்தது. கிக்கர் எகிறி, உள்ளங்காலில் சுளீர்!

மச்சான் தள்ளினான். என் பையன் ''ஒன்... டூ... த்ரீ...'' மட்டும் சொன்னான். தெருக்கோடி வரை போய் வந்ததில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. வண்டிக்கு மூச்சே வரவில்லை. அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். என் மனைவிதான் உருப்படியாக, பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தாள்.

வராந்தாவில் இருந்த அப்பா கைத்தடியோடு எழுந்து வந்தார்.

''பலம் வேணாம்டா, பக்குவம் வேணும். சாவியைப் போடு. ஆம்பியர் முள்ளைப் பாரு. கிக்கரை மெதுவா அமுக்கு... முள் நடுவுக்கு வந்துதா? நிறுத்து. இப்ப டிகம்ப்ரஸரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் அமுக்கு. டிகம்ப்ரஸரை விடு. கிக்கர் மேலே வரட்டும்... இப்ப மிதி!''

சங்கதி இதுதான் சார்... 350 சி.சி., ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் காற்றை அமுக்கும் இடத்தில் உதைத்தால் சுவரை உதைப்பது மாதிரி. டிகம்ப்ரஸர் அந்தக் காற்றை வெளியே விடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டும். அதற்கப்புறம் மிதித்தால்தான் எஞ்சின் வேகம் பிடிக்கும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. 1955-ல் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' கூட்டு சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. பிறகு திருவொற்றியூரில் தயாரானது. பிறந்த ஊரில் 1967-ல் கடையை மூடிவிட்டார்கள். வளர்ந்த ஊரில் மூடவில்லை!

மிதித்தேன். டப்... டப்... டப்... டப்...

பையன் கை தட்டினான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். (புகையாம்!)

சரியாகப் பத்து மணிக்குப் பாடிக்காரர் வந்தார். ''விலை என்ன சார்?''

அப்பா நிதானமாகச் சொன்னார்: ''ஸ்டார்ட் ஆகாத வண்டியைத்தான் விக்கிறதா இருந்தேன். இது ஸ்டார்ட் ஆகுதே!''

தேய்மானக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் மிதிக்கிற கால் என்னுடையது. முள்ளைப் பார்க்கிற கண் அப்பாவுடையது.