முதல் கவளம் புரதத்துக்கு

உடல் எடை குறைய இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நோயாளியின் அம்மா தவறாமல் கேட்பார்: "உடம்பு தேறணுமே, என்ன கஞ்சி கொடுக்கட்டும் மேடம்?" கஞ்சி வேண்டாம்மா, டாக்டர் பால் கொடுக்கலாம் என்றதும் பாலில் ஆரம்பியுங்கள் என்பேன்.

'ஸ்லீவ்' சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பாகத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆரம்ப வாரங்களில் அரை டம்ளருக்கே வயிறு நிறைந்துவிடும். ஆனால் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முடி அதிகம் கொட்டும். புண் ஆறத் தாமதமாகும். அரிசிக் கஞ்சி வயிற்றை அடைக்கும், புரதம் தராது. பருப்புத் தண்ணீரும் அப்படித்தான். சத்து அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. அதை மசித்துக் கொடுங்கள்.

200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம் புரதம் உண்டு. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். புரதத்தில் பெரிய வித்தியாசமில்லை. நீலமே போதும். அதில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் புரதம் 11 கிராமைத் தாண்டும். சர்க்கரை கூடாது. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சட்டென்று குடலில் இறங்கி, படபடப்பும் வியர்வையும் தலைசுற்றலும் வரலாம்.

சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாது. வயிறு உப்பும், பேதியாகும். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரைதான் காரணம். அவர்கள் தயிருக்கு மாறலாம். தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள். காலையில் அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருக்கும். அதோடு லாக்டோஸில் ஒரு பகுதி போய்விடும். துணியில் நிற்கும் கெட்டித் தயிரில் ஒவ்வொரு கரண்டிக்கும் புரதம் கூடுதல். உப்பும் வறுத்த சீரகப் பொடியும் தூவினால் நாக்குக்கும் பிடிக்கும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால், லாக்டோஸ் அநேகமாக இல்லாத 'வே ஐசோலேட்' புரதப் பவுடரை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

மென்மையான உணவுக்கு வந்ததும் முட்டை ஒன்றில் 6 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம் புரதம் கிடைக்கும். முள் நீக்கி வேகவைத்த மீனும் நல்லது. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் சோறு. நன்றாக மென்று, நிதானமாகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் போகட்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள். பாலிலுள்ள கால்சியம் அதை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இன்னும் ரெண்டு வாய் சோறு சாப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். பாசத்தோடு ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுங்கள்.