மாவு கப்பலில்... மணம் அடுப்பில்! லெபனான் வீடுகளில் வேகும் எள் ரொட்டி

பெய்ரூட் நகரின் கடற்கரைச் சாலை. வெயில் தாழும் நேரத்தில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். வண்டியில் நட்டிருக்கும் கம்புகளில் பொன்னிற ரொட்டிகள் வரிசையாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெண்கள் மாட்டிக்கொள்ளும் கைப்பைகளைத் தொங்கவிட்டதுபோல இருக்கும். மேலே கைப்பிடி மாதிரி ஓர் ஓட்டை, கீழே உப்பிய வயிறு, உடம்பு முழுக்க எள். கேட்டவுடன் வண்டிக்காரர் ரொட்டியின் வயிற்றைப் பிளந்து, உள்ளே 'ஸாத்தர்' பொடியைத் தூவியோ பாலாடைக்கட்டியைத் தடவியோ கையில் கொடுப்பார்.

இதன் பெயர் 'காக்'. அரபு நாடுகளில் காக் என்ற பெயரில் பல வகை ரொட்டிகளும் பிஸ்கட்டுகளும் உண்டு. கைப்பை வடிவத்தில் இருக்கும் லெபனான் ரொட்டியை 'காக் அஸ்ரூனியே' என்பார்கள். 'அஸ்ர்' என்றால் பிற்பகல். நம்மூர் பள்ளிவாசல்களில் அஸர் பாங்கு சொல்கிறார்களே, அதே சொல்தான். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் வேலை முடிந்து திரும்புகிறவர்களும் சாப்பிடும் மாலைப் பலகாரம் என்பதால் இந்தப் பெயர்.

தெருவில் வாங்கித் தின்ற இந்த ரொட்டியை, கடந்த சில ஆண்டுகளில் பல குடும்பங்கள் வீட்டிலேயே சுடப் பழகின. ஆசைக்காக மட்டும் அல்ல.

ஒரே மாலையில் போன களஞ்சியம்

லெபனான் சின்ன நாடு. பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. தின்னும் கோதுமையில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. வந்த தானியத்தைக் கொட்டி வைக்க பெய்ரூட் துறைமுகத்தில் 1,20,000 டன் கொள்ளளவுள்ள கான்கிரீட் குதிர்கள் இருந்தன. 2020 ஆகஸ்ட் 4 மாலை, பக்கத்துக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். குதிர்களும் சிதைந்தன. ஆனாலும் குறுக்கே நின்ற அந்தக் கான்கிரீட் சுவர்கள் வெடியின் வேகத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டதால், மேற்குப் பக்கத்து நகரம் ஓரளவு தப்பியது.

அதன் பிறகு நடந்தது விவசாயிகள் கவனிக்க வேண்டிய சங்கதி. இடிபாட்டுக்குள் அள்ள முடியாமல் தங்கிப்போன தானியம், மழையும் கடற்காற்றும் பட்டு ஈரமேறி, புளித்துச் சூடானது. 2022 ஜூலையில் அது தானாகவே புகைந்து தீப்பிடித்தது. வாரக்கணக்கில் எரிந்த பிறகு வடபக்கக் குதிர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஈரத்தோடு குவித்த நெல்லுக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தானியத்துக்கு உயிர் உண்டு, அது மூச்சு விடும். ஈரம் கூடினால் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் சேர்ந்துகொள்ளும், சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும்.

களஞ்சியம் போனதோடு முடியவில்லை. ஒரு டாலருக்குச் சுமார் 1,500 லெபனான் பவுண்டு என்று 1997 முதல் நிலையாக இருந்த நாணயம் 2019 இறுதியில் சரியத் தொடங்கியது. 2023-ல் ஒரு டாலர் 90,000 பவுண்டையும் தாண்டியது. இடையில் 2022-ல் உக்ரைன் போர். லெபனான் கோதுமைக்கு முக்கியமாக நம்பியிருந்ததே உக்ரைனையும் ரஷ்யாவையும்தான். பேக்கரி வாசல்களில் வரிசை நீண்டது. கோதுமை வாங்குவதற்கென்றே உலக வங்கி அந்த ஆண்டு 15 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. அரசு தாங்கிப் பிடித்த விலை அன்றாடம் தின்னும் தட்டை ரொட்டிக்குத்தான். எள் ரொட்டி போன்ற பலகாரங்கள் சந்தை விலைக்குப் போய்விட்டன. நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தினம் நாலு காக் வாங்குவது கனவானது.

வீட்டிலேயே சுட்டால் கட்டுப்படியாகுமா? முழுக்க ஆகும் என்று சொல்ல முடியாது. பேக்கரிக்காரரின் கூலியும் லாபமும் மிச்சமாகும். ஆனால் மாவு, கேஸ் இரண்டும் டாலர் கணக்கில்தான் வருகின்றன. அரசு மின்சாரம் ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம்தான் என்ற நிலை வந்தபோது மின்சார ஓவன் வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது சொந்தக் கோதுமையும் விறகடுப்பும் உள்ள கிராமத்து வீடுகள்தான்.

பள்ளத்தாக்கில் விளையும் கோதுமை எங்கே போகிறது?

இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கும் பெக்கா பள்ளத்தாக்குதான் லெபனானின் நெற்களஞ்சியம், அதாவது கோதுமைக் களஞ்சியம். மழைக்கால ஆரம்பத்தில் விதைத்து, கோடையின் தொடக்கத்தில் அறுப்பார்கள். ஆனால் அங்கே விளைவதில் பெரும்பகுதி டியூரம் எனப்படும் கடினக் கோதுமை. இதன் மாவு மஞ்சள் சாயலோடு இருக்கும். இழுத்தால் மீளாது, கிழியும். மக்ரோனிக்கும் 'புர்குல்' எனப்படும் குறுணைக்கும் அருமையானது. கோதுமையை அவித்து, வெயிலில் காயவைத்து உடைப்பதுதான் புர்குல். நம் புழுங்கல் அரிசி செய்யும் அதே யோசனை. உப்பி வரும் ரொட்டிக்கோ ரொட்டிக் கோதுமை எனும் மென்கோதுமைதான் வேண்டும். தட்டுப்பாடு வந்த பிறகே மென்கோதுமைப் பரப்பைக் கூட்டும் பேச்சு வலுத்தது. முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

அங்குள்ள மக்கள் ரொட்டியை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1915-ல் வெட்டுக்கிளிகள் வயல்களைத் தின்று தீர்க்க, முதல் உலகப்போரின் கடல் முற்றுகையும் சேர்ந்து, 1918 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ரொட்டித் துண்டு தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு, கால்படாத இடத்தில் வைக்கும் வழக்கம் பெரியவர்களிடம் இன்றும் உண்டு.

எள் ஒட்டுவதில்தான் சூட்சுமம்

இனி அடுப்படிக்கு வருவோம். ஆறு ரொட்டிக்கு அரை கிலோ மென்கோதுமை மாவு. நம்மூரில் மைதா அதற்கு ஈடு. விருப்பப்பட்டால் கால் பங்கு கோதுமை மாவு கலக்கலாம், அதற்கு மேல் போனால் ரொட்டி உப்பாது. உலர் ஈஸ்ட் 2 டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 300 மில்லி. தண்ணீரில் கொஞ்சம் பாலும் சேர்ப்பவர்கள் உண்டு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் மாவு கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும். கை பொறுக்காத சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும்.

பத்து நிமிடமாவது அழுத்திப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, இழுத்தால் ரப்பர் போல வர வேண்டும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து ஈரத்துணியால் மூடினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். நம் வெயிலுக்கு இன்னும் சீக்கிரமே ஆகிவிடும், கவனம்.

ஆறு உருண்டைகளாக்கி, கால் மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நீள்வட்டமாகத் தேய்க்கிறார்கள். மேல் பகுதியில் சின்ன டம்ளரால் அழுத்தி ஓட்டை எடுத்து, விரலால் சற்று இழுத்துவிட்டால் கைப்பை வடிவம் வந்துவிடும். ஓட்டையிலிருந்து வந்த மாவை வீணாக்காமல் குட்டி ரொட்டியாகச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

அடுத்து எள். முதல்முறை செய்கிறவர்கள் ரொட்டியின் மேல் எள்ளைத் தூவிவிட்டு, வெந்தபின் பாதி உதிர்ந்துபோனது என்று வருத்தப்படுவார்கள். தேய்க்கும்போது தூவிய வறண்ட மாவுதான் எள்ளை ஒட்டவிடாமல் செய்கிறது. அதைத் தட்டிவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு ஸ்பூன் திராட்சைப் பாகைக் கரைத்து அதை ரொட்டியின் மேல் நன்றாகத் தடவ வேண்டும். பிறகு அகலமான தட்டில் எள்ளைக் கொட்டி, ஈரப்பக்கம் கீழே இருக்கும்படி ரொட்டியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் எள் கெட்டியாகப் பதியும். பாகிலுள்ள இனிப்புதான் மேல்தோலைப் பொன்னிறமாக்குவதும். திராட்சைப் பாகு இல்லாத இடத்தில் பாலே போதும். வெல்லத் தண்ணீரும் கைகொடுக்கும்.

எள் வறுக்காததாக இருக்க வேண்டும். வறுத்ததைப் போட்டால் ஓவன் சூட்டில் கருகிக் கசக்கும். ஆறு ரொட்டிக்கு 100 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் என்பதால் பழைய எள்ளில் காறல் வாடை வரும். ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத்தான் தட்டில் கொட்ட வேண்டும்.

லெபனான்காரர்கள் விரும்புவது தோல் நீக்கிய வெள்ளை எள். தோல் நீக்கும் பழைய முறை வேடிக்கையானது: ஊறவைத்துத் தேய்த்த எள்ளை அடர்ந்த உப்புக் கரைசலில் கொட்டுவார்கள். தோல் அடியில் தங்கும், பருப்பு மேலே மிதக்கும். மிதப்பதை அள்ளி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பார்கள். எள் விழுது, அல்வா எல்லாவற்றுக்கும் இதுவே ஆதாரம். இந்த எள்ளும் பெரும்பாலும் சூடான், எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து வருவது. ஆனால் பயிராக எள் முதலில் பழக்கப்பட்டது இந்தியத் துணைக்கண்டத்தில் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. அரபியில் எள்ளுக்கு 'சிம்சிம்' என்று பெயர். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் குகைக் கதவைத் திறக்கும் மந்திரத்தில் வரும் 'சீசேம்' வேறெதுவுமில்லை, நம் எள்தான்.

எள் ஒட்டிய ரொட்டியை அரை மணி நேரம் மறுபடி உப்பவிட்டு, முன்கூட்டியே 220 முதல் 230 டிகிரி வரை சூடேற்றிய ஓவனில் 10 முதல் 14 நிமிடம் வைக்கிறார்கள். அடித்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர் வைத்தால் தோல் சீக்கிரம் இறுகாமல் ரொட்டி நன்றாக எழும்பும். சூடு குறைவாக இருந்து நேரத்தை நீட்டினால் வறட்டி போலாகிவிடும். ஓவன் இல்லாத குடும்பங்கள் உருவம் கொடுத்த ரொட்டியைத் தட்டில் அடுக்கி, தெருமுனையிலுள்ள 'ஃபுர்ன்' எனும் ரொட்டிச்சூளைக்கு எடுத்துப் போய், சிறு கூலி கொடுத்துச் சுட்டு வருவதும் பழைய வழக்கம்.

வெளியே எடுத்ததும் துணியால் மூடி வைத்தால் மெத்தென்று இருக்கும். உள்ளே தூவும் ஸாத்தர், ஒருவகைக் காட்டு ஓமச்செடியின் உலர்ந்த இலையோடு 'சுமாக்' என்ற புளிப்புப் பழப்பொடி, வறுத்த எள், உப்பு கலந்தது. மறுநாளைக்கு மிஞ்சினால் வடக்கே திரிப்போலி நகரத்துக்காரர்களின் வழிதான்: வயிற்றைப் பிளந்து பாலாடைக்கட்டி வைத்து, கரி அடுப்பில் இருபுறமும் வாட்டினால் காய்ந்த ரொட்டி மறுபடி மொறுமொறுப்பாகிவிடும்.